பெயரிலேயே ‘லோன்’ இருக்கு, கேட்டு வாங்குவோம்

(சாரல் சீசன் தொடங்குவதற்கு முன்பு ஐந்தருவியில் நடந்த நமது கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில், ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். “வராத உறுப்பினர்களும் படிக்கணும், இதழில் போடுங்கள்” என்று பலர் கேட்டதால் இங்கே தருகிறோம்.)



என்னை இன்னிக்கு மூட்டுவலியைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. உங்களை மாதிரி பீடி சுத்தினவள். சீசன்ல இங்கே ஐந்தருவியில பழக்கடை போடுறவள். ஆனா பன்னிரண்டு வருஷமா முடக்குவாதத்தோட வாழ்ந்துக்கிட்டு இருக்கேன். அந்த அனுபவத்தையும், டாக்டர்கள்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன்.

முதல்ல ஒரு கேள்வி. இங்கே இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் பையில ‘செட் மாத்திரை’ இருக்கு? மருந்துக் கடையில போய், “அண்ணே, மூட்டுவலிக்கு ஒரு செட் குடுங்க”ன்னா, சின்னப் பேப்பர் கவர்ல நாலு மாத்திரை போட்டுத் தருவாங்களே, அதுதான். வெக்கப்படாம கை தூக்குங்க. (பலர் கை தூக்கினார்கள்.) சரி, யாரையும் குறை சொல்ல நான் கேக்கலை. நானும் அப்படி வாங்கினவள்தான்.

எனக்கு நடந்தது

அப்போ நான் முழுநேரமா பீடி சுத்திக்கிட்டு இருந்தேன். காலையில எழுந்தா கைவிரல் மடங்காது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கழிச்சுத்தான் கொஞ்சம் இளகும். இலை வெட்ட கத்தரிக்கோலைப் பிடிக்க முடியலை. நூல் சுத்த முடியலை. ரெண்டு கை மணிக்கட்டும் வீங்கிப் போச்சு. பீடி எண்ணிக்கை பாதியாக் குறைஞ்சுது. பீடி குறைஞ்சா கூலி குறையும், கூலி குறைஞ்சா குழுவுக்குத் தவணை கட்ட முடியாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

அப்போதான் ஒரு கடையில செட் மாத்திரை வாங்கினேன். ரெண்டாவது நாள் காலையில எழுந்திருச்சா, கை தானா மடங்குது! அன்னிக்கு நான் பட்ட சந்தோஷம் இருக்கே, சாமியே நேரில வந்த மாதிரி இருந்தது. அப்படியே எட்டு மாசம் ஓட்டினேன். முகம் உருண்டையா ஆச்சு. பக்கத்து வீட்டு மதினி, “என்னட்டி, இப்பத்தான் உடம்பு தேறியிருக்கு”ன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். அது தேறின உடம்பு இல்லை, மருந்தால வந்த ஊத்தம்னு பிறகுதான் தெரிஞ்சுது.

ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போனேன். மாத்திரை எடுத்துக்கிட்டுப் போக மறந்துட்டேன். நாலு நாள் சாப்பிடலை. நாலாவது நாள் வாந்தி, தலைசுத்தல், எழுந்து நிக்க முடியலை, மண்டபத்துலயே விழுந்துட்டேன். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. டாக்டரம்மா முகத்தைப் பார்த்தவுடனே கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மாசமா என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?” என் வீட்டுக்காரர் பேப்பர் கவரைக் காட்டினார். அந்த நாலுல ரெண்டு வெட்டி எடுத்த மாத்திரை, பெயரே இல்லை. அதுல ஒண்ணு ஸ்டீராய்டா இருக்கும்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. அன்னிக்குத்தான் அந்த வார்த்தையை நான் முதன்முதலா கேட்டேன்.

இது என்ன நோய்?

எல்லா மூட்டுவலியும் ஒண்ணு இல்லை சகோதரிகளே. வயசாகி முழங்கால் தேய்றது ஒண்ணு. 2006-ல தமிழ்நாட்டுல சிக்குன்குனியா பரவினப்போ மாசக்கணக்கா மூட்டு வலிச்சு எத்தனையோ பேர் நடக்க முடியாமத் தவிச்சாங்க, அது ஒண்ணு. முடக்குவாதம் வேற. இதுல நம்ம உடம்பைக் காக்கிற எதிர்ப்பு சக்தியே ஆள் மாறி, நம்ம மூட்டையே தாக்குது. மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வு வீங்கிக் கனன்றுக்கிட்டே இருக்கும். இதைத்தான் அழற்சின்னு சொல்றாங்க. ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருது.

அடையாளம் என்ன? காலையில அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல விறைப்பு. ரெண்டு கையிலயும் சின்ன மூட்டுகள்ல வீக்கம். வேலை செய்யச் செய்ய விறைப்பு குறையும், சும்மா இருந்தா கூடும். அசதி. இப்படி ஆறு வாரத்துக்கு மேல இருந்தா செட் மாத்திரை வாங்காம டாக்டரைப் பாருங்க. ரத்தப் பரிசோதனை செய்வாங்க. ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ சோதனை ஒண்ணை மட்டும் வச்சு நோய் இருக்கு, இல்லைன்னு முடிவு கட்ட முடியாது. டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்து, எல்லாத்தையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

ஸ்டீராய்டு எப்படி வந்தது?

ஸ்டீராய்டுன்னா விஷம்னு சிலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. நம்ம சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அது தினமும் இந்த வகைச் சுரப்பை நமக்குச் சுரந்துக்கிட்டுத்தான் இருக்கு. அது இல்லாம உயிர் வாழ முடியாது.

அமெரிக்காவுல மேயோ கிளினிக்னு ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே ஃபிலிப் ஹென்ச்னு ஒரு டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். முடக்குவாதம் உள்ள பெண்களுக்கு வயித்துல பிள்ளை இருக்கிறப்போ வலி குறையுது, பிரசவத்துக்குப் பிறகு திரும்ப வருது. நம்மில் சிலருக்கும் இப்படி நடந்திருக்கும். அப்போ உடம்புக்குள்ள ஏதோ ஒரு பொருள் வலியைத் தணிக்குதுன்னு அவர் நினைச்சார். 1948 செப்டம்பர்ல, படுக்கையை விட்டு எழ முடியாத 29 வயசுப் பெண்ணுக்கு, பிறகு கார்ட்டிசோன்னு பெயர் வச்ச மருந்தை ஊசியாப் போட்டாங்க. சில நாள்ல அந்தப் பெண் எழுந்து நடந்தாங்க. ஒரு வாரத்துல கடைவீதிக்கே போய் வந்தாங்க. உலகமே ஆச்சரியப்பட்டது. 1950-ல ஹென்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன்னு இன்னும் ரெண்டு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைச்சுது.

ஆனா கதை அங்கே முடியலை. அந்தக் காலத்துல அளவு ரொம்ப அதிகம். தொடர்ந்து கொடுத்தவங்களுக்கு முகம் வீங்குச்சு, மனசு குழம்புச்சு, எலும்பு பலம் குறைஞ்சுது. நிறுத்தினா வலி திரும்பி வந்தது. நோயை இது குணப்படுத்தலை, அடக்கி மட்டும்தான் வைக்குதுன்னு புரிஞ்சுது.

கடன் மாதிரிதான்

இந்த மருந்துகளோட பெயரைக் கவனிச்சிருக்கீங்களா? பிரெட்னிசோலோன். மெத்தில்பிரெட்னிசோலோன். பெயரிலேயே ‘லோன்’ இருக்கு! (சிரிப்பு) டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன்னு ‘சோன்’ல முடியறதும் இந்தக் குடும்பம்தான். டெஃப்லாசகார்ட்னு வேற மாதிரி முடியறதும் உண்டு. அட்டையில பெயர் இருந்தாத்தானே தெரியும்? அதனால வெட்டின மாத்திரையை வாங்காதீங்க. இதெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாத மருந்துகள், அட்டையில சிவப்புக் கோடு இருக்கும்.

கடன் கெட்டது இல்லை. கடன் வாங்கித்தான் நான் பழக்கடை போட்டேன், நீங்க மாடு வாங்கினீங்க, பிள்ளைகளைப் படிக்க வச்சோம். ஆனா எவ்வளவு, எதுக்கு, எப்போ அடைக்கிறதுன்னு கேட்காம வாங்கின கடன் வீட்டையே கொண்டு போகும். ஸ்டீராய்டும் அப்படித்தான். இன்னிக்குக் கை மடங்கும். வட்டி பின்னால வரும்.

என்ன வட்டின்னு சொல்றேன். சர்க்கரை ஏறும், இல்லாதவங்களுக்கும் வரலாம். ரத்த அழுத்தம் கூடும். பசி அதிகமாகி எடை போடும், முகம் உருண்டையாகும். தூக்கம் கெடும், மனசு படபடக்கும். எலும்பு மெலியும், லேசா விழுந்தாக்கூட முறியலாம். சிலருக்கு இடுப்பு மூட்டுக்கு ரத்தம் போகாம எலும்பு செத்துப் போகலாம். கண்ணுல புரை விழும், கண் அழுத்தம் கூடும். நோய்க்கிருமி சுலபமாத் தொத்தும், உள்ளே உறங்கிக்கிட்டு இருக்கிற காசநோய் முழிச்சுக்கும். டைக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரையோட சேர்த்துச் சாப்பிட்டா வயித்துப் புண், ரத்தக் கசிவு வரலாம். செட் மாத்திரையில பெரும்பாலும் இந்த ரெண்டும் சேர்ந்துதான் இருக்கும்.

எல்லாருக்கும் எல்லாம் வராது. எவ்வளவு அளவு, எத்தனை மாசம் என்கிறதைப் பொறுத்துத்தான் வட்டி ஏறும்.

ஒரே மருந்து ரெண்டு விதமாவும் வேலை செய்யும்கிறதைக் கொரோனா காலத்துல பார்த்தோம். 2020 ஜூன்ல இங்கிலாந்துல நடந்த பெரிய ஆய்வுல, ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகளோட உயிரை டெக்ஸாமெத்தசோன் காப்பாத்துதுன்னு தெரிஞ்சுது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவங்களுக்கு அதனால பலன் இல்லைன்னும் அதே ஆய்வு சொல்லுச்சு. 2021-ல இந்தியாவுல கறுப்புப் பூஞ்சை நோய் பரவினப்போ, சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாம ஸ்டீராய்டும் எடுத்தவங்கதான் அதிகம் மாட்டினாங்க. தேவைப்படுறவங்களுக்கு, தேவையான அளவு, தேவையான நாள். அதைத் தாண்டினா ஆபத்து.

ஏன் திடீர்னு நிறுத்தக் கூடாது?

இதை நல்லாக் கேளுங்க. இன்னிக்குக் கூட்டத்துல ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கிட்டாலும் இதை வச்சுக்கோங்க.

வெளியிலிருந்து மாத்திரை வந்துக்கிட்டே இருந்தா, உடம்புல இருக்கிற சுரப்பி, “நம்ம வேலை இல்லை”ன்னு தூங்கிப் போயிடும். மூணு நாலு வாரத்துக்கு மேல சாப்பிட்டாலே இது நடக்கலாம். அப்போ மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா, வெளியிலிருந்தும் வரவு இல்லை, உள்ளேயும் வரவு இல்லை. சேமிப்பும் கிடையாது, கடனும் கிடையாதுன்னா குடும்பம் என்ன ஆகும்? அதுதான் நான் கல்யாண மண்டபத்துல விழுந்தது. உயிருக்கே ஆபத்து அது.

அதனால என் பேச்சைக் கேட்டுட்டு, வீட்டுக்குப் போய்க் கவரைத் தூக்கிக் குப்பையில போட்டுடாதீங்க. கவரை எடுத்துக்கிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்க. “இதை இத்தனை மாசமாச் சாப்பிடுறேன்”னு உண்மையைச் சொல்லுங்க. அவங்க கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்துவாங்க. ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களுக்குக் கடும் காய்ச்சல், விபத்து, ஆபரேஷன்னு வந்தா உடனே அதை டாக்டர்கிட்ட சொல்லணும். ஒரு துண்டுச் சீட்டுல எழுதிப் பர்ஸ்ல வச்சுக்கோங்க. நாம மயங்கிக் கிடந்தாலும் சீட்டு பேசும்.

வலியைப் பொறுத்துக்கிட்டே இருந்தா?

“அப்போ அந்தச் சனியனே வேண்டாம், வலியைப் பொறுத்துக்கலாம்”னு நினைப்பீங்க. நாம பொறுத்துப் பழகினவங்கதானே. ஆனா அதுக்கும் ஒரு விலை இருக்கு.

எங்க சித்தி ஒருத்தங்க. அவங்களுக்கும் இதே நோய். என் முகம் வீங்கினதைப் பார்த்துப் பயந்து, “இங்கிலீஷ் மருந்தே எனக்கு வேண்டாம்”னுட்டாங்க. ரெண்டு வருஷம் எண்ணெய் தேய்ச்சு, ஒத்தடம் கொடுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாங்க. இப்போ விரல் எல்லாம் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நிக்குது. சேலையில கொசுவம் வைக்க முடியாது, தலை பின்ன முடியாது, சோறு பிசைய முடியாது. பிறகு டாக்டரைப் பார்த்து வலி குறைஞ்சுது. ஆனா கோணின விரல் கோணினதுதான். வலி போகலாம், அழிஞ்ச மூட்டு திரும்ப வராது.

நான் கணக்கு பார்க்காம கடன் வாங்கினேன். சித்தி கடனே வேண்டாம்னு நிலத்தைத் தரிசாப் போட்டாங்க. ரெண்டு பேருமே நஷ்டப்பட்டோம்.

நடுவுல ஒரு வழி

அந்த வழியை ஐகிரவுண்டுல எனக்குச் சொல்லித் தந்தாங்க. நோயோட வேரைக் கட்டுப்படுத்துற மருந்துகள் தனியா இருக்கு. மெத்தோட்ரெக்சேட், சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின். இதுதான் நம்ம மாதச் சேமிப்பு மாதிரி. மெதுவாத்தான் பலன் தெரியும், ஆறு வாரம் ஆகலாம், மூணு மாசமும் ஆகலாம். அதுவரைக்கும் வலியைத் தாங்கிக்க, பாலம் மாதிரி ஸ்டீராய்டைக் குறைஞ்ச அளவுல கொடுப்பாங்க. அந்த மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சதும் ஸ்டீராய்டைப் படிப்படியாக் குறைச்சு, முடிஞ்ச வரை சீக்கிரம் நிறுத்தணும்கிறதுதான் இப்போ மூட்டுவாத மருத்துவர்கள் சொல்ற முறை.

மெத்தோட்ரெக்சேட் பத்தி ஒரு எச்சரிக்கை. இதை வாரத்துல ஒரு நாள் மட்டும்தான் சாப்பிடணும். தினமும் சாப்பிட்டு உயிரே போனவங்க உண்டு. நான் ஞாயித்துக்கிழமைன்னு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் தருவாங்க. குறிப்பிட்ட இடைவெளியில ரத்தம், ஈரல் பரிசோதனை செய்யணும். பிள்ளை பெத்துக்க நினைக்கிற பெண்கள் இதைச் சாப்பிடவே கூடாது, முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடணும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுறவங்க கண் பரிசோதனை செய்துக்கணும்.

சரி, குறைஞ்ச அளவு ஸ்டீராய்டுன்னா ஆபத்தே இல்லையா? 2022-ல ஐரோப்பாவுல ஒரு ஆய்வு வெளிவந்தது. 65 வயசும் அதுக்கு மேலயும் ஆன முடக்குவாத நோயாளிகள் 451 பேர். அவங்க வழக்கமாச் சாப்பிடுற மருந்தோட, பாதிப் பேருக்கு தினம் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ரெண்டு வருஷம் பார்த்தாங்க. மருந்து சாப்பிட்டவங்களுக்கு நோய் கட்டுப்பட்டது, மூட்டு அழியறது குறைஞ்சுது. ஆனா அவங்கள்ல 100-க்கு 60 பேருக்கு ஏதாவது ஒரு கெடுதல் வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 100-க்கு 49 பேருக்கு. ஆக, 100 பேருக்கு 11 பேர் கூடுதல். அந்தக் கூடுதல்ல பெரும்பாலும் கடுமையில்லாத தொற்றுகள்தான்.

இதைக் கேட்டு, “அப்போ சாப்பிடலாம்”னு ஒருத்தர் சொல்லலாம், “வேண்டாம்”னு இன்னொருத்தர் சொல்லலாம். ரெண்டு பேரும் தப்பு இல்லை. ஒவ்வொரு உடம்புக்கும், ஒவ்வொரு பிழைப்புக்கும் கணக்கு வேற.

ஐந்து கேள்வி

குழுவுல யாராவது கடன் கேட்டா நாம என்ன கேக்கிறோம்? எதுக்கு, எவ்வளவு, எத்தனை தவணை, எப்படி அடைப்பே, வேற வழி இருக்கான்னு கேட்டு, நோட்டுல எழுதின பிறகுதானே கொடுக்கிறோம்? அதையே டாக்டர்கிட்டயும் கேளுங்க.

1. எதுக்கு? எனக்கு என்ன நோய்? இது ஸ்டீராய்டு மாத்திரையா?

2. எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம், எந்த நேரம்? (பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொல்வாங்க.)

3. எத்தனை நாள்? எந்தத் தேதியிலிருந்து குறைக்கணும்?

4. வட்டியைக் குறைக்க நான் என்ன செய்யணும்? சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், எலும்பு எப்போ பார்க்கணும்? கால்சியம் மாத்திரை தேவையா?

5. வேற வழி இருக்கா? ஸ்டீராய்டு இல்லாம, இல்லைன்னா இதைவிடக் குறைச்சு முடியுமா?

நாம ஒண்ணு டாக்டருக்குச் சொல்லணும். “வலிக்குது”ன்னு மட்டும் சொல்லாதீங்க. “பீடி நூல் கட்ட முடியலை”, “குடம் தூக்க முடியலை”, “ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிறேன்”னு சொல்லுங்க. அப்போதான் வலியோட எடை அவங்களுக்குத் தெரியும். சர்க்கரை, வயித்துப் புண், காசநோய் வந்திருந்தா மறைக்காதீங்க. அப்போதான் மருந்தோட எடை தெரியும். தராசுல ரெண்டு தட்டும் நிறைஞ்சாத்தானே முள் சரியா நிக்கும்?

போன சீசன்ல நான் எடுத்த முடிவு

நான் ஸ்டீராய்டை முழுசா நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. நிறுத்தினது லேசா நடக்கலை. கடைசி அரை மாத்திரையைக் குறைக்கிறப்போ வலி திரும்பி, பழைய அளவுக்குப் போய், மறுபடி குறைச்சுன்னு ஒரு வருஷம் ஆச்சு.

போன சீசனுக்கு முன்னால ரெண்டு மணிக்கட்டும் மறுபடி வீங்கிப் போச்சு. குழுவுல முப்பதாயிரம் கடன் வாங்கிக் கடைக்கு முன்பணம் கட்டியாச்சு. சாரல் விழுந்தா இங்கே எப்படிக் கூட்டம் வரும்னு உங்களுக்குத் தெரியும். அந்த ரெண்டு மூணு மாசம்தான் வருஷத்துக்கே வருமானம். அன்னாசிப் பழம் வெட்டக் கத்தி பிடிக்க முடியலைன்னா கடை எதுக்கு?

டாக்டர் ரெண்டு வழி சொன்னாங்க. வாராந்திர மருந்தைக் கூட்டி, ரெண்டு மாசம் வலியோட காத்திருக்கிறது ஒண்ணு. அதோட சேர்த்து எட்டு வாரத்துக்கு மட்டும் ஸ்டீராய்டு எடுத்துப் படிப்படியா நிறுத்துறது இன்னொண்ணு. நான் அஞ்சு கேள்வியும் கேட்டேன். சர்க்கரை இல்லை, கண் நல்லா இருக்கு. ரெண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். எந்த வாரம் எவ்வளவுன்னு சீட்டுல எழுதி வாங்கி, கடையில சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சேன். அளவை இங்கே சொல்ல மாட்டேன், நீங்க அதையே போய் வாங்கிடுவீங்க! (சிரிப்பு)

நாலு நாள்ல வீக்கம் வத்திச்சு. கடை நடந்தது, கடன் அடைஞ்சுது. ஆனா மூணு கிலோ எடை கூடுச்சு, சரியாத் தூக்கம் இல்லை, சர்க்கரை எல்லைக்குப் பக்கத்துல வந்துட்டுது. எட்டாவது வாரம் நிறுத்தின பிறகு இறங்கிடுச்சு. மறுபடி இப்படி வந்தா எடுப்பேனா? எடுப்பேன், ஆனா பயந்துக்கிட்டுத்தான் எடுப்பேன்.

என் பக்கத்துக் கடை அக்காவுக்கும் இதே நோய்தான். அவங்களுக்குச் சர்க்கரை அதிகம், ஒரு கண்ணுல புரை வந்திருக்கு. அவங்க ஸ்டீராய்டு வேண்டாம்னு டாக்டரோட பேசி முடிவெடுத்து, அந்த சீசன்ல கடையை மகள்கிட்ட விட்டாங்க. அவங்களுக்கு அது சரி, எனக்கு இது சரி. என் மாத்திரை அவங்களுக்கு ஆகாது.

பொடி, எண்ணெய், அருவி

சீசன் நேரத்துல ரோட்டோரத்துல, “மூலிகைப் பொடி, மூணு நாள்ல மூட்டுவலி போகும்”னு விக்கிறவங்க வருவாங்க. இப்படிப்பட்ட பொடியிலயும் மாத்திரையிலயும் ஸ்டீராய்டைக் கலந்திருந்தது சோதனையில பிடிபட்டது நம்ம நாட்டுல பல தடவை நடந்திருக்கு. எல்லா சித்த மருந்தும் அப்படின்னு நான் சொல்லலை. அரசு மருத்துவமனைகள்ல சித்த மருத்துவர் இருக்கிறாங்க, அவங்ககிட்ட கேளுங்க. பெயர், தயாரிப்பாளர் விலாசம் இல்லாத எதையும் வாங்காதீங்க. எந்தப் பொடியும் ரெண்டே நாள்ல மந்திரம் மாதிரி வலியைப் போக்கினா, அங்கேதான் சந்தேகப்படணும்.

எண்ணெய் தேய்க்கிறதும், அருவியில குளிக்கிறதும் உடம்புக்கு இதம்தான். நம்ம குற்றாலத்துல பிறந்துட்டு நான் அதைக் குறை சொல்வேனா? ஆனா தோலுக்கு மேல விழுற தண்ணி, மூட்டுக்கு உள்ளே எரியறதை அணைக்காது. வீங்கின மூட்டை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம்.

சாப்பாட்டுல கேழ்வரகு, எள்ளு, நெத்திலி மீன், பால், முட்டை சேர்த்துக்கோங்க, எலும்புக்கு நல்லது. ஸ்டீராய்டு சாப்பிடுற காலத்துல ஊறுகாய், அப்பளம், கருவாடு, இனிப்பைக் குறைங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளிப் பரிசோதனை செய்துக்கோங்க.

குழுவா என்ன செய்யலாம்?

நான் கேக்கிறது மூணுதான். அடுத்த குழுக் கூட்டத்துக்கு வர்றப்போ, மூட்டுவலி உள்ளவங்க சாப்பிடுற மாத்திரைக் கவரைக் கொண்டு வாங்க. படிக்கத் தெரிஞ்ச உறுப்பினர் பெயரைப் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். பெயர் இல்லாத மாத்திரை சாப்பிடுறவங்களைத் தனியா அனுப்பாதீங்க, ஒருத்தர் துணைக்குப் போங்க. தென்காசி அரசு மருத்துவமனையிலோ, அங்கிருந்து ஐகிரவுண்டுக்கு எழுதிக் கொடுத்தா அங்கேயோ காட்டுங்க. அடுத்து, 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வர்றவங்ககிட்ட, ஸ்டீராய்டு சாப்பிடுறோம்னு சொல்லிச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கோங்க. மூணாவது, மருத்துவச் செலவுக்கும் பஸ் செலவுக்கும் உள்கடன் கேக்கிற உறுப்பினரை, “மூட்டுவலிக்கெல்லாம் கடனா?”ன்னு கேக்காதீங்க. கை போனா பிழைப்பே போச்சு.

நாம குழு ஆரம்பிச்ச காலத்துல கந்துவட்டிக்காரர்கிட்ட கேள்வி கேக்கத் தெரியாம இருந்தோம். இப்போ பேங்க் மேனேஜர்கிட்டயே எதிர்ல உக்காந்து வட்டி எவ்வளவுன்னு கேக்கிறோம். நம்ம உடம்புக்குள்ள போற மாத்திரையைப் பத்தி ஒரு கேள்வி கேக்கிறதுக்கு எதுக்குத் தயக்கம்?

கேளுங்க, எழுதி வாங்குங்க, கணக்கு வச்சுக்கோங்க. தானா ஆரம்பிக்காதீங்க, தானா நிறுத்தாதீங்க.